வணக்கம், வர்க்கம், வட்டாரம்: பிரான்சுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

பாரிஸுக்கு வந்த மூன்றாம் நாள் காலை தெருமுனை ரொட்டிக் கடைக்குப் போனேன். புதுச்சேரியிலிருந்து கிளம்பும் முன் ஆறு மாதம் பிரெஞ்சு வகுப்புக்குப் போயிருந்தேன். கேட்க வேண்டியதை வரிசையில் நிற்கும்போதே மனசுக்குள் நாலு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். என் முறை வந்ததும், "ஒரு பகெத் கொடுங்கள்" என்று இலக்கணம் பிசகாமல் கேட்டேன். கடைக்கார அம்மா அசையவில்லை. என் முகத்தையே பார்த்து நிறுத்தி நிதானமாக, "போன்ஜூர், மதாம்" என்றார். காதில் விழவில்லை போலிருக்கிறது என்று நினைத்து மறுபடியும் ரொட்டியைக் கேட்டேன். மறுபடியும் "போன்ஜூர்" என்றார். எனக்குப் பின்னால் நின்ற பெரியவர்தான் மெல்ல, "முதலில் வணக்கம் சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அந்த அம்மாவின் முகம் சட்டென்று மலர்ந்தது. ரொட்டியின் நடுவில் தாளைச் சுற்றிக் கொடுத்து, நல்ல நாளாக அமையட்டும் என்று வாழ்த்தியும் அனுப்பினார்.

அது நடந்து பதினெட்டு வருடம் ஆகிறது. இந்தக் காலத்தில் புதிதாக வந்த எத்தனையோ பேருக்கு மாநகரப் பேருந்து அட்டை எடுப்பது முதல் வங்கிக் கணக்கு வரை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அதெல்லாம் எப்படியும் தெரிந்துவிடும். தெரியாமலே பல வருடம் ஓடிவிடுவது வேறு ஒன்று. இங்கே யாரும் உங்கள் சம்பளம் எவ்வளவு, மதம் என்ன, எந்தச் சமூகம் என்று கேட்க மாட்டார்கள். ஆனால் நீங்கள் வணக்கம் சொல்லும் விதம், வீட்டு முகவரி, பிள்ளை படிக்கும் பள்ளி, பெயர், உச்சரிப்பு எல்லாவற்றையும் கவனிப்பார்கள். வாயால் சொல்லாமல் கண்ணால் அளக்கிற சமூகம் இது. அந்த அளவுகோல் என்னவென்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் படி: வாசலில் வணக்கம்

கடைக்குள் நுழைந்தால் போன்ஜூர். பேருந்தில் ஏறினால் ஓட்டுநருக்குப் போன்ஜூர். மருத்துவரின் காத்திருப்பு அறையில் முன்பின் தெரியாத நாலு பேர் உட்கார்ந்திருந்தாலும் பொதுவாக ஒரு போன்ஜூர். லிஃப்டில் ஏறுபவருக்கும், மாடிப்படியில் எதிர்ப்படுபவருக்கும் அப்படியே. "மதாம்" அல்லது "மெசியூ" சேர்த்துச் சொன்னால் இன்னும் நல்லது. இருட்டத் தொடங்கியபின் "போன்சுவார்". கிளம்பும்போது "மெர்சி, ஓ ருவார்". ஆனால் பெருநகரத் தெருவிலும் மெட்ரோவிலும் அறியாதவர்களுக்கு வணக்கம் சொல்வதில்லை. கிராமத்துத் தெரு என்றால் சொல்வார்கள்.

ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டாம் முறை போன்ஜூர் சொன்னால், காலையில் என்னைப் பார்த்ததே மறந்துவிட்டதா என்பதுபோல் ஆகிவிடும். அப்போது ஒரு புன்னகை போதும். அலுவலகத்தில் தினமும் காலையில் ஒவ்வொருவராகப் போய் வணக்கம் சொல்லும் வழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. நேராக நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டால், கோபத்தில் இருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

கன்னத்தோடு கன்னம் வைத்துச் சொல்லும் பீஸ், நம்மவர்களுக்குக் கூச்சமான விஷயம். பாரிஸில் இரண்டு கன்னம். தெற்கே மோன்பெலியே பக்கம் மூன்று முறை. லுவார் ஆற்றுப் பக்கம் சில இடங்களில் நான்கு. விருப்பமில்லை என்றால் முதலில் நீங்களே கையை நீட்டிவிடுங்கள். கொரோனாவுக்குப் பிறகு இதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த வணக்கத்துக்கு ஏன் இத்தனை பிடிவாதம் என்று எனக்கும் ஆரம்பத்தில் புரியவில்லை. கடைக்காரர் உங்களுக்கு வேலை செய்யும் ஆள் அல்ல, உங்களுக்குச் சமமான ஒரு மனிதர். முதலில் அதை ஒப்புக்கொண்டுவிட்டுப் பிறகு பொருளைக் கேளுங்கள் என்பதுதான் அதன் உள்பொருள் என்று இப்போது நினைக்கிறேன். 1789 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு பிரபுக்களின் சிறப்பு உரிமைகளை ஒழித்த நாடு இது. சமத்துவம் என்ற சொல் நகராட்சிக் கட்டடத்தின் நெற்றியில் இருக்கிறது. அதைத் தினமும் காதால் கேட்கும் இடம் ரொட்டிக் கடை வாசல்தான்.

இரண்டாம் படி: "வு"வும் "து"வும்

பிரெஞ்சில் "வு" என்றால் நீங்கள், "து" என்றால் நீ. நமக்கும் நீ, நீங்கள் இருப்பதால் இது சுலபம் என்று தோன்றும். அங்கேதான் சறுக்கும். தமிழில் பெரும்பாலும் வயசைப் பார்த்துச் சொல்கிறோம். பிரெஞ்சில் முக்கியமாகப் பார்ப்பது தூரத்தை. இருபது வயதுக் கடைப் பையனுக்கும் "வு"தான். அறுபது வயது சக ஊழியர் "து" என்று அழைக்கச் சொன்னால் கூச்சப்படாமல் "து" சொல்ல வேண்டும். சந்தேகம் வந்தால் "வு"வில் நில்லுங்கள். மற்றவர் "து" சொல்லலாமா என்று கேட்கும்வரை மாற்ற வேண்டாம்.

இதற்குள் வர்க்கமும் ஒளிந்திருக்கிறது. பழைய பணக்காரக் குடும்பங்களில் கணவனும் மனைவியும்கூட "வு" சொல்லிக்கொள்வது உண்டு. அதிபராக இருந்த ஜாக் ஷிராக்கின் மனைவி பெர்னதெத் கணவரை "வு" என்றே அழைத்தது ஊரறிந்த விஷயம். இன்னொரு முனையில், புறநகர் இளைஞர்கள் தெருவில் நிறுத்தப்பட்டு "து" என்று விளிக்கப்படுவதைப் பெரிய அவமானமாகச் சொல்வார்கள். 2014 முதல் நடைமுறையில் இருக்கும் போலீஸ் நடத்தை விதிகள், பொதுமக்களிடம் பேசும்போது "வு" பயன்படுத்த வேண்டும் என்று சொல்கின்றன. உங்களை யாராவது அதிகாரத்தோடு "து" என்றால், நீங்கள் குரலை உயர்த்தாமல் "வு"விலேயே பதில் சொல்லிக்கொண்டிருங்கள். அவ்வளவுதான் செய்ய வேண்டும். செய்து பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் எதிர்ப்பக்கம் மாறிவிடுகிறது.

மூன்றாம் படி: ஒரு சனிக்கிழமை இரண்டாம் எண் மெட்ரோ

வந்த முதல் மாதத்திலேயே இதைச் செய்யுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, பாரிஸின் மேற்கு ஓரத்தில் போர்த் தோஃபின் நிலையத்தில் இரண்டாம் எண் மெட்ரோவில் ஏறுங்கள். மொத்தம் 25 நிலையங்கள், பன்னிரண்டு கிலோமீட்டர் சொச்சம். ஒரே பாதையில் பிரான்ஸின் வர்க்கமும் இனமும் வரிசையாக ஏறி இறங்குவதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்க முடியாது.

போர்த் தோஃபின் நிலைய வாசலே ஒரு கண்ணாடிச் சிற்பம். எக்தோர் கிமார் வடிவமைத்தது. சுற்றிலும் பதினாறாவது வட்டாரம். அகலமான தெருக்கள், கல் கட்டடங்கள், கடைப்பலகைகள்கூட மெதுவாகப் பேசும். பெட்டியில் ஏறுபவர்களைப் பாருங்கள்: நல்ல துணி, ஆனால் பழையது. முழங்கையில் தேய்ந்த கோட்டோடு ஒரு பாட்டி நிற்பார். அவர் ஏழை என்று நினைத்துவிட வேண்டாம். இங்கே பரம்பரைப் பணம் தன்னைக் காட்டிக்கொள்ளாது. நகை மின்னாது. பெயருக்கு நடுவில் "த" என்று ஒரு சிறு துண்டு இருக்கலாம். பல பழைய பிரபுக் குடும்பங்களின் அடையாளம் அது, எல்லார் விஷயத்திலும் அப்படி இல்லை என்றாலும். மோன்சோ பூங்கா வரை இந்தக் காற்றுதான்.

பிளாஸ் த க்ளிஷி தாண்டியதும் பெட்டி நிறைய ஆரம்பிக்கும். பிகாலில் சுற்றுலாப் பயணிகள். அப்புறம் பார்பெஸுக்கு முன் வண்டி தரையிலிருந்து வெளியே வந்து தூண்கள்மேல் ஏறும். அங்கே இறங்குங்கள். புதனும் சனியும் மெட்ரோ பாலத்துக்கு அடியிலேயே சந்தை. கொத்தமல்லிக் கட்டும் புதினாவும் தர்பூசணிக் கீற்றும் கூவி விற்பார்கள். நெரிசலில் நடக்க முடியாது, மனசுக்கு நம்ம ஊர் உழவர் சந்தை ஞாபகம் வரும். இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே அல்ஜீரியத் தொழிலாளர்கள் தங்கிய பகுதி இது. மூலையில் தாதி என்ற பெரிய மலிவுத் துணிக்கடை இருந்தது. 1948இல் தொடங்கி 2021இல் மூடப்பட்டது. ரோஸ் கட்டம் போட்ட அதன் பையைச் சொன்னால் போதும், இங்கே வளர்ந்த யாருக்கும் கண் கலங்கும். வடக்கே கொஞ்சம் நடந்தால் ஷாத்தோ ரூஜ். நேந்திரங்காய், மரவள்ளி, கருணை போன்ற கிழங்குகள், கருவாடு, ஆளுயரத்துக்குத் தொங்கும் வண்ண அச்சுத் துணிகள். மாலி, செனகல், ஐவரி கோஸ்ட், காங்கோ மக்களின் கடைவீதி.

அடுத்த நிலையம் லா ஷப்பேல், நம்மவர்கள் வாயில் லாச்சப்பல். இறங்கிய உடனே தமிழ்ப் பலகை கண்ணில் படும். ஃபோபூர் சான் தெனி தெரு, காய் தெரு, பெர்தொனே தெரு எல்லாம் 1980களில் இலங்கைப் போருக்குத் தப்பி வந்தவர்கள் கடை கடையாகக் கட்டி எழுப்பியது. முருங்கைக்காய், ஆனைக்கொய்யா, கொத்துரொட்டி, நகைக்கடை, முடிதிருத்தும் கடை, பயண முகவர். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் கோடை முடிவில் இந்தத் தெருக்களில்தான் ஓடும். தார்ச்சாலையில் சிதறு தேங்காய் உடைவதை வேடிக்கை பார்க்க பாரிஸ்காரர்களும் திரண்டு வருவார்கள்.

பெல்வில்லில் கடைசியாக ஒருமுறை இறங்குங்கள். ஒரு தெருவில் எத்தனை அலைகள் வந்து போயிருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். முதலில் ஆர்மீனியர்களும் போலந்து யூதர்களும். அப்புறம் துனிசியாவிலிருந்து வந்த யூதர்கள், அல்ஜீரியர்கள். 1980களுக்குப் பிறகு சீனாவின் வென்சோ நகரத்துக்காரர்கள். மேட்டில் ஏறி ஏதாவது ஒரு அரசுப் பள்ளி வாசலில் நில்லுங்கள். பல பள்ளிகளில் ஒரு கறுப்புக் கல்வெட்டு இருக்கும். யூதர்களாகப் பிறந்ததற்காக 1942 முதல் 1944 வரை நாடு கடத்தப்பட்டுக் கொல்லப்பட்ட அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவுக் கல்.

நான்காம் படி: அரசு ஏன் எண்ணுவதில்லை

அந்தக் கல்வெட்டை நான் காரணமாகத்தான் பார்க்கச் சொன்னேன். 1940இல் ஜெர்மானியர் ஆக்கிரமித்தபோது, பாரிஸ் பகுதி யூதர்களைப் பிரெஞ்சு அதிகாரிகளே பெயர், முகவரியோடு பதிவு செய்து அட்டைகளாக அடுக்கினார்கள். 1942 ஜூலை 16, 17ஆம் தேதிகளில் பிரெஞ்சு போலீஸ் வீடு வீடாகப் போய்ச் சுமார் 13,000 பேரைப் பிடித்தது அந்த அட்டைகளை வைத்துத்தான். அவர்களில் 4,000க்கும் மேல் குழந்தைகள்.

ஒருவரின் இனத்தையும் மதத்தையும் அரசு எழுதி வைத்தால் என்ன ஆகும் என்று இந்த நாடு கண்டது. 1978ஆம் ஆண்டுத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அத்தகைய விவரங்களைச் சேகரிப்பதைப் பொதுவாகத் தடை செய்கிறது. 2007இல் அரசியல் சட்ட மன்றமும் இனவாரிக் கணக்கெடுப்புக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதனால் மக்கள்தொகைப் படிவத்தில் பிறந்த இடமும் குடியுரிமையும் கேட்பார்கள், இனம் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டில் வெளிநாட்டவராகப் பிறந்து இங்கே வாழ்பவரைக் "குடியேறியவர்" என்று கணக்கிடுகிறது இன்ஸே என்ற அரசுப் புள்ளியியல் நிறுவனம். 2021இல் அப்படிப்பட்டவர்கள் 70 லட்சம் பேர், மக்கள்தொகையில் 10.3 சதவீதம். பிரான்சில் தமிழர் எத்தனை பேர் என்று யாராவது துல்லியமாக ஒரு எண் சொன்னால், அது மதிப்பீடுதான். அப்படி ஒரு அரசுக் கணக்கே கிடையாது.

சாதிச் சான்றிதழோடு பள்ளிக்கூடம் போன நமக்கு இது முதலில் நிம்மதியாக இருக்கும். எனக்கும் இருந்தது. ஆனால் எண்ணாத ஒன்றை நிரூபிப்பதும் கஷ்டம். வேலை விண்ணப்பத்தில் பெயரைப் பார்த்தே ஒதுக்கினார்கள் என்று தோன்றினால், எதை வைத்துச் சொல்வது? இங்கே கைகொடுப்பது 2011இல் அமைந்த உரிமைப் பாதுகாவலர் அலுவலகம், பிரெஞ்சில் தெஃபான்சர் தே துருவா. புகார் கொடுக்கக் காசு இல்லை, வக்கீல் வேண்டாம். சட்டம் தடை செய்யும் பாகுபாட்டுக் காரணங்கள் 20க்கும் மேல். அதில் 2014இல் சேர்ந்த ஒன்று, வசிக்கும் இடம். முகவரியைப் பார்த்து ஒதுக்குவது எவ்வளவு சகஜம் என்பதற்கு அந்தச் சட்டத் திருத்தமே சாட்சி. மின்னஞ்சல், குறுஞ்செய்தி எதையும் அழிக்காதீர்கள், தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: "ஊர் எது?" என்ற கேள்வி

ஒருவரைப் பார்த்த ஐந்தாம் நிமிடத்தில் ஊர், பேர், குடும்பம் கேட்பது நமக்கு அன்பு. இங்கே அதே கேள்வி குத்தும். இந்த நாட்டில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்ணிடம் "நீங்கள் எந்த நாடு?" என்று கேட்டால், நீ இந்த ஊர்க்காரி இல்லை என்று சொன்ன மாதிரி. அவளுடைய பெற்றோர் மார்த்தினிக் தீவுக்காரர்களாக இருக்கலாம், அதுவும் பிரான்சுதான். 1963 முதல் கிட்டத்தட்ட இருபது வருடம் அரசே ஒரு நிறுவனம் வைத்து, அந்தத் தீவுகளிலிருந்து ஆட்களை மருத்துவமனைகளுக்கும் தபால் துறைக்கும் வேலைக்கு அழைத்து வந்தது.

இதில் நமக்கு ஒரு நேரடி உறவும் உண்டு. 1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தபின், கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேற்றினார்கள். மார்த்தினிக்குக்கு முதல் கப்பல் போனது 1853இல். பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்பிலும் ரெயூனியனிலும் இன்றைக்கும் மூத்துசாமி, ராமசாமி, வீரப்பிள்ளை போன்ற பெயர்களைப் பிரெஞ்சு எழுத்தில் உருமாறிக் காணலாம். அப்படி ஒரு பெயரைக் கண்டதும் தமிழில் பேச ஆரம்பித்துவிடாதீர்கள், நான் செய்த தப்பு அது. என் சக ஊழியர் ஒருவர் அமைதியாக, "ஐந்து தலைமுறையாக நாங்கள் குவாதலூப்காரர்கள்" என்றார். பிறகு ஒருநாள் அவராகவே, பாட்டி செய்யும் கொலோம்போ என்ற குழம்பைப் பற்றிச் சொன்னார். மஞ்சள், மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம் என்று மசாலாவை அவர் அடுக்க அடுக்க எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவர்களாகச் சொல்லட்டும். அதுவரை காத்திருக்கலாம்.

புதுச்சேரிக்காரர்கள் பலர் வந்த வழி வேறு. 1881ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, முஸ்லிம் தனிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்களின் வழித்தோன்றல்கள் உண்டு. 1962இல் ஊர் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர்கள் உண்டு. எங்கள் பக்கம் சொல்தா வீடு என்று சொல்வோமே, பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வூதியம் வாங்கியவர்கள், அவர்களின் பிள்ளைகளும் இங்கே உண்டு. ஈழத்திலிருந்து அகதியாக வந்தவர்களின் கதை வேறு, வலி வேறு. தமிழர்தானே என்று எல்லாரையும் ஒரே பையில் போடாதீர்கள். அல்ஜீரியாவைப் பற்றியும் அப்படித்தான். பிரான்சிடமிருந்து விடுதலை கேட்டு அங்கே நடந்து 1962இல் முடிந்த போரில் எதிரெதிர்ப் பக்கம் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் உங்கள் அலுவலகத்தில் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கலாம். நன்றாகப் பழகும்வரை அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம்.

வெள்ளையர் எல்லாரும் ஒரே கூட்டம் என்று நினைப்பதும் தவறு. மோன்பர்னாஸ் ரயில் நிலையத்தைச் சுற்றி ஏன் இத்தனை கிரேப் (மெல்லிய தோசை போன்ற பிரத்தாஞ் பண்டம்) கடைகள்? மேற்கே உள்ள அந்தப் பிரத்தாஞ் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி ரயிலில் வந்தவர்கள் இறங்கிய இடத்திலேயே தங்கிவிட்டார்கள், லாச்சப்பல் மாதிரியே. பாரிஸின் பழைய காபிக் கடைகள் பலவும் ஓவெர்ஞ் மலைப்பகுதிக்காரர்கள் கரி விற்றுக்கொண்டே தொடங்கியவை. வடக்கே லான்ஸ் சுரங்கங்களுக்குப் போலந்துக்காரர்கள் வந்தார்கள், 1960களில் போர்த்துகீசியர்கள் கட்டட வேலைக்கு வந்து பாரிஸ் ஓரத்தில் ஷாம்பிஞியில் சேற்றுக் குடிசைகளில் வாழ்ந்தார்கள். இன்றைக்கு அவர்கள் பேரப்பிள்ளைகளை யாரும் வந்தேறிகள் என்று சொல்வதில்லை.

ஆறாம் படி: வர்க்கத்தை வாசிக்க

சம்பளத்தை நேராகக் கேட்பது இங்கே அநாகரிகம். ஆனால் உங்கள் சம்பளச் சீட்டிலேயே நீங்கள் எந்தப் படியில் இருக்கிறீர்கள் என்பது எழுதியிருக்கும். "காத்ர்" என்று இருந்தால் மேலாளர் அல்லது நிபுணர் தரம். 1947 முதல் 2018 வரை காத்ர்களுக்குத் தனி ஓய்வூதியத் திட்டமே இருந்தது. அரசுப் புள்ளிவிவரம் வேலை செய்வோரை ஆறு பெரும் பிரிவாகப் பிரிக்கிறது: விவசாயிகள், கைவினைஞர்-வணிகர், காத்ர், இடைநிலைத் தொழில்கள், ஊழியர், தொழிலாளர். சாதி எழுதாத நாட்டில் இந்த வகைப்பாடு பல படிவங்களில் வரும். வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள்.

அடுத்தது முகவரி. அஞ்சல் குறியீடு 75016, அதாவது பாரிஸின் பதினாறாவது வட்டாரம், என்றால் ஒரு பார்வை. பாரிஸின் வடகிழக்குப் புறநகர் மாவட்டமான சென் சான் தெனியின் 93 என்று தொடங்கினால் வேறு பார்வை. நான் இருப்பது தொண்ணூற்று மூன்றில்தான், பையன்கள் நெஃப் த்ருவா என்பார்கள். 2005 அக்டோபரில் கிளிஷி சு புவாவில் போலீஸுக்குப் பயந்து மின் நிலையத்துக்குள் ஓடிய இரண்டு சிறுவர்கள் இறந்து, மூன்று வாரம் நாடே எரிந்ததும் இந்த மாவட்டத்தில்தான் தொடங்கியது. இங்கே நல்ல அண்டை வீடு, நல்ல நூலகம், அருமையான சந்தை எல்லாம் உண்டு. தொலைக்காட்சியைப் பார்த்துப் பயந்து, வாடகை கொடுக்க முடியாத இடத்தில் வீடு பிடிக்காதீர்கள். அரசு மலிவு வாடகை வீடான அஷெலெமுக்கு, தகுதி இருந்தால் முதல் வருடமே விண்ணப்பம் போட்டுவிடுங்கள். கிடைக்கப் பல வருடம் ஆகும். ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்க மறந்தால் வரிசை போய்விடும். அதில் குடியிருப்பது கேவலம் என்று நம்மவர்களில் சிலர் பேசுகிறார்கள். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி பணக்கார ஊர்களும் குறிப்பிட்ட சதவீதம் இத்தகைய வீடுகள் வைத்திருக்க வேண்டும். பாரிஸ் ஓரத்து நெய்யி போன்ற ஊர்கள் அந்த அளவை எட்டாமலே நெடுங்காலம் இழுத்தடித்தன. வெட்கப்பட வேண்டியது யார் என்று நீங்களே யோசியுங்கள்.

ஆனால் வர்க்கம் உண்மையில் தலைமுறை தாண்டுவது பள்ளிக்கூடத்தில். இதைக் கொஞ்சம் நின்று கேளுங்கள், பெற்றோர்கள் முக்கியமாக.

இங்கே பல்கலைக்கழகம் ஒரு பக்கம், கிராந்த் எக்கோல் என்ற உயர்கல்விக் கூடங்கள் இன்னொரு பக்கம். கிராந்த் எக்கோலில் சேர, பள்ளி இறுதித் தேர்வான பாக் முடித்தபின் இரண்டு வருடம் "பிரெப்பா" என்ற கடும் பயிற்சி வகுப்பு, பிறகு போட்டித் தேர்வு. அவற்றில் ஒன்றான, 1794இல் தொடங்கிய பொலிடெக்னிக் பொறியியல் கூடத்தின் மாணவர்கள் ஜூலை 14 அணிவகுப்பில் இருமுனைத் தொப்பியோடு நடப்பதைப் பார்ப்பீர்கள். ஜிஸ்கார், ஷிராக், ஒல்லாந்த், மக்ரோன் என நான்கு அதிபர்கள் படித்தது ஏனா என்ற ஒரே நிர்வாகப் பள்ளியில். 2022இல் அதற்குப் பதிலாக வேறு நிறுவனம் வந்துவிட்டது. இந்த வழி இருக்கிறது என்பதே தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. தெரிந்தவர்களின் பிள்ளைகள் அதில் போகிறார்கள்.

பாதை பிரிவது அதற்கு முன்பே, "த்ருவாசியேம்" வகுப்பில், பதினாலு பதினைந்து வயதில். பொதுக் கல்வியா தொழிற்கல்வியா என்று அங்கே முடிவாகும். மூன்று வருடத்துக்கு முன் என் மூத்த மகளுக்கு இருபதுக்குப் பதின்மூன்று சராசரி இருந்தும், முதியோர் பராமரிப்புத் தொழிற்பிரிவைச் சிபாரிசு செய்து ஒரு தாள் வந்தது. அவள் கேட்டது அறிவியல் பிரிவு. ஆசிரியை கெட்டவர் இல்லை, அன்பாகத்தான் பேசினார். "வீட்டில் உதவ ஆள் இல்லையே, அவளுக்குச் சிரமமாக இருக்கும்" என்றார். அந்த அன்பில் எங்களைப் பற்றிய ஒரு கணிப்பு இருந்தது. தலைமையாசிரியரைச் சந்திக்க நேரம் கேட்டோம். மதிப்பெண் பட்டியலை எடுத்துப்போய் மேசையில் விரித்து, "வு" மாறாமல் பேசினோம். மாற்றிக் கொடுத்தார். அவர் மறுத்திருந்தால் மேல்முறையீட்டுக் குழு இருக்கிறது. அதற்குக் கிடைக்கும் அவகாசம் சில நாட்கள்தான். பிள்ளை விரும்பித் தச்சு வேலையோ சமையலோ தேர்ந்தெடுத்தால் மனதார அனுப்புங்கள், இந்த நாட்டில் கைத்தொழிலுக்கு மதிப்பு உண்டு. வேறு யாரோ பிள்ளைக்காகத் தேர்ந்தெடுத்தால் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஏழாம் படி: மதம் எங்கே, எப்படி

1905 டிசம்பர் 9ஆம் தேதிச் சட்டம் அரசையும் தேவாலயத்தையும் பிரித்தது. லாயிசித்தே என்பது அதுதான். உங்களுக்கு நடைமுறையில் இவ்வளவு தெரிந்தால் போதும். தெருவில், கடையில், பல்கலைக்கழகத்தில் விபூதியோ சிலுவையோ தலைத்துணியோ உங்கள் விருப்பம். முகத்தை முழுதாக மறைப்பது மட்டும் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடங்களில் கூடாது. அரசுப் பள்ளி மாணவர்கள் பளிச்சென்று தெரியும் மத அடையாளம் அணியக் கூடாது என்பது 2004ஆம் ஆண்டுச் சட்டம். அரசு ஊழியர்கள் பணியில் எந்த மத அடையாளமும் அணியக் கூடாது. அல்சாஸ், மொசேல் பகுதிகள் 1905இல் ஜெர்மனியிடம் இருந்ததால் அங்கே பழைய ஏற்பாடே தொடர்கிறது. பொதுவிடுமுறை பதினொன்றில் ஆறு கிறிஸ்தவப் பண்டிகைகள் என்பது பலருக்கு உறுத்தும், எனக்கும் உறுத்துகிறது. தீபாவளிக்கு முன்கூட்டியே விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுங்கள். பள்ளிச் சாப்பாட்டில் வாரம் ஒருமுறையாவது சைவ உணவு கட்டாயம். மற்ற நாட்களுக்கு நகராட்சியைப் பொறுத்தது, சேர்க்கும்போதே கேளுங்கள்.

எட்டாம் படி: சாப்பிடக் கூப்பிட்டால்

வீட்டுக்குக் கூப்பிடுவது இங்கே பெரிய விஷயம், அதனால் தட்டாதீர்கள். ஏழரை மணி என்றால் ஏழே முக்காலுக்குப் போங்கள். சீக்கிரம் போனால் அவர்களுக்குத் திண்டாட்டம். பூ வாங்கினால் சாமந்தி வேண்டாம், நவம்பரில் கல்லறைக்கு வைப்பது அது. சைவம் என்றால் ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள், பந்தியில் சொன்னால் சமைத்தவர் மனசு நொந்துபோவார். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பிலேயே வைப்பார்கள். இனிப்புக்கு முன் பாலாடைக்கட்டி வரும். முக்கோணத் துண்டாக இருந்தால் அதன் கூர்முனையை வெட்டி எடுக்காதீர்கள், நல்ல பகுதியை ஒருவரே எடுத்துக்கொண்ட மாதிரி. மது குடிக்காவிட்டால் காரணம் சொல்லத் தேவையில்லை, தண்ணீர்க் கோப்பையைத் தூக்கி, எதிரில் இருப்பவர் கண்ணைப் பார்த்துச் "சாந்தே" என்றால் சரி. மேசையில் அரசியல் சண்டை சூடாகப் போகும். பயந்துவிடாதீர்கள், காபி வரும்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

கடைசிப் படி: செப்டம்பரில் ஒரு மேசை

நம் கோயில், நம் சங்கம், நம் கடை எல்லாம் வேண்டும், அவை இல்லாமல் முதல் குளிர்காலத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். ஆனால் அங்கேயே நின்றுவிட்டால், இவ்வளவு நேரம் சொன்ன எதையும் பழகிப் பார்க்க ஆள் கிடைக்காது. 1901ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தால் இந்த நாட்டில் எதற்கெடுத்தாலும் ஒரு சங்கம் உண்டு: தோட்டம், பாட்டு, நடை, பெற்றோர், பிரெஞ்சு வகுப்பு. பெரும்பாலான ஊர்களில் செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை நகராட்சி இவை எல்லாவற்றையும் ஒரே மைதானத்தில் மேசை போட்டு உட்கார வைக்கும். காத்ரும் தொழிலாளியும் பிரத்தாஞ்காரரும் மாலிக்காரரும் ஒரே மேசைக்கு வருவதை நான் அங்கேதான் அதிகம் பார்க்கிறேன்.

பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு, காசோலைப் புத்தகம், மூன்று மாதத்துக்குள் வந்த மின்கட்டண ரசீது எடுத்துப் போங்கள். மேசை முன் நின்றதும் போன்ஜூர். சேர்க்கைத் தாளில் சில சங்கங்கள், எந்த வேலையில் உதவ முடியும் என்று ஒரு வரி கேட்கும். எங்கள் கூட்டுத் தோட்டத்தின் தாளில் அந்த வரியைப் பார்த்து நான் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு "வெண்டைக்காய்" என்று எழுதினேன். அடுத்த ஜூனில் ஏழு பேர் விதை கேட்டு வந்தார்கள்.